பாபின் சுற்றத் தனி வைண்டர் வாங்கலாமா?

வீட்டில் தையல் மெஷின் வைத்திருப்பவர்கள் அடுத்து என்ன வாங்கலாம் என்று யோசிக்கும்போது, பலருடைய பட்டியலில் இப்போது பாபின் வைண்டர் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் பெட்டி. ஒரு பக்கம் நூல்கண்டு, இன்னொரு பக்கம் பாபின். பட்டனை அழுத்தினால் சர்ரென்று சுற்றி, நிறைந்ததும் நின்றுவிடும். விளம்பரத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளவுஸ், சுடிதார், நைட்டி, பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை என்று கலந்து தைப்பவருக்கு அது தேவையில்லை. அந்தப் பணத்தில் அவர் வாங்க வேண்டியது வேறு. நாள் முழுக்க ஒரே நிற நூலில் நீளத் தையல் ஓட்டுபவருக்கும், கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வைத்திருப்பவருக்கும் தனி வைண்டர் உண்மையிலேயே உதவும். ஆனால் அவர்களும் எந்த வைண்டர் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஒரு பாபின் எவ்வளவு ஓடும்?

இந்த முடிவுக்குப் பின்னால் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. நம் வீடுகளில் அதிகம் இருக்கும் கறுப்பு மிதி மெஷினில் போடும் பாபின் இரண்டு சென்டிமீட்டர் விட்டம், ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரம். சாதாரண பாலியஸ்டர் தையல் நூல் அதில் சுமார் 50 மீட்டர் பிடிக்கும். நூல் மெல்லிசாக இருந்தால் இன்னும் கொஞ்சம் ஏறும், தடித்த காட்டன் நூல் என்றால் குறையும். இரண்டு மடிப்புத் துணியில் அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் விழும்படி ஓட்டினால், ஒரு மீட்டர் தையலுக்கு அடி நூல் ஒன்றே கால் மீட்டருக்கும் சற்று மேலே செலவாகும். ஆக, நிறையச் சுற்றிய ஒரு பாபினில் 35 முதல் 40 மீட்டர் வரை தைக்கலாம்.

லைனிங் வைத்த பிளவுஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டார்ட், ஊக்குப் பட்டி, கழுத்துப் பைப்பிங், கை, பின்னால் பிரித்துக்கொள்ள வசதியாகப் பக்கவாட்டில் விடும் இரண்டு மூன்று வரிசை எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 12 மீட்டர் தையல். ஒரு பாபினில் மூன்று பிளவுஸ் முடித்துவிடலாம். ஆனால் மூன்று பிளவுஸும் ஒரே நிறத்தில் யாருக்கு வருகிறது? காலையில் மாம்பழ மஞ்சள், மதியம் ராமர் பச்சை, சாயங்காலம் அரக்கு. ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூல் போதும். இப்படித் தைக்கும் வீட்டில் பாபின் முழுதாகத் தீர்வதே அபூர்வம். நேரம் போவது சுற்றுவதில் இல்லை. நிறம் மாற்றுவதில் போகிறது: கண்டை மாற்ற வேண்டும், ஊசியில் கோர்க்க வேண்டும், பாபின் கேஸைக் கழற்றி மாட்ட வேண்டும். தனி வைண்டர் இதில் எதையும் குறைக்காது. நூலை டென்ஷன் தட்டில் விடுவது, பாபினில் நாலு சுற்றுக் கையால் சுற்றுவது, முனையை வெட்டுவது ஆகிய மூன்று வேலையும் அதிலும் அப்படியே உண்டு. பெட்டி மிச்சப்படுத்துவது ஒரு நிமிடத்துக்கும் குறைவான அந்தச் சுழலும் நேரத்தை மட்டும்தான்.

சேலைக்கு ஃபால்ஸ், பீக்கோ அடிப்பவருக்கும் இதே கதை. பீக்கோ நூலை நிறையத் தின்னும் என்பது உண்மை. ஆனால் சேலைக்குச் சேலை நிறம் மாறும். ஓவர்லாக் மெஷினுக்கோ பாபினே கிடையாது. அதில் அடிப்பக்கம் வேலை செய்வது லூப்பர், நூல் நேராகக் கோனிலிருந்து வருகிறது. நைட்டியின் பக்கத் தையலை ஓவர்லாக்கில் முடிப்பவர் வைண்டரைப் பற்றி யோசிக்க இன்னும் குறைவான காரணமே இருக்கிறது.

மெஷினில் இருப்பதைச் சரிசெய்யுங்கள்

தனி வைண்டர் கேட்டு வருபவர்களிடம் ஏன் என்று கேட்டால், "மெஷின்ல இருக்கிறது சரியாச் சுத்த மாட்டேங்குது" என்பதே பெரும்பாலும் பதில். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "டயர் தேஞ்சுபோச்சுக்கா, வேற ஒண்ணும் இல்ல" என்பார். அந்த டயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மெஷினின் வலது ஓரத்தில், கைச்சக்கரத்தை ஒட்டி ஒரு சின்ன உருளை இருக்கும். அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். வைண்டரை அழுத்திவிட்டால் அந்த ரப்பர் சக்கரத்தின் மேல் உரசி, அதன் வேகத்தில் பாபினைச் சுழற்றும். ரப்பர் நாள்பட்டால் கெட்டியாகிப் பளபளவென்று வழுக்கும், வெடிக்கும். மெஷினுக்கு எண்ணெய் விடும்போது ஒரு சொட்டு பட்டாலும் ஊறித் தளர்ந்துவிடும். அப்புறம் சக்கரம் சுற்றும், பாபின் விட்டு விட்டுச் சுற்றும், நூல் தளர்ந்து விழும். பழைய ரப்பரை நகத்தால் நெம்பினால் கழன்றுவிடும். அதையே தையல் மெஷின் சாமான் விற்கும் கடைக்கு எடுத்துப்போய் அதே அளவில் கேளுங்கள். விலை மிகக் குறைவு. புதியதை மாட்டும் முன், சக்கரத்தின் விளிம்பை உலர்ந்த துணியால் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைக்க வேண்டும். இதை விட்டால் புது ரப்பரும் வழுக்கும். அரசின் இலவசத் தையல் மெஷின் திட்டத்தில் வாங்கி, நாள் கணக்கில் மூலையில் கிடந்த மெஷினை இப்போது எடுத்து ஓட்டத் தொடங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் இந்த ரப்பரைத்தான்.

இரண்டாவது குறை, பாபின் ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் சுற்றுவது. இதற்குக் காரணம் வைண்டர் அல்ல. மெஷின் பலகையின் வலது மூலையில் நூல் நுழைந்து வரும் சின்ன டென்ஷன் தட்டுதான் காரணம். அங்கிருந்து கிளம்பும் நூல் பாபினின் நட்ட நடுவை நோக்கிப் போக வேண்டும். எந்தப் பக்கம் பள்ளமோ அந்தப் பக்கம் நூல் போகும்படி தட்டைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். அதன் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நகர்த்தி, இறுக்குங்கள். ஒரே தடவையில் சரியாக அமையாது. ஒரு பழைய நூலை வைத்துச் சுற்றிப் பார்த்துச் சுற்றிப் பார்த்து நிறுத்துங்கள். ஒரு தடவை அமைந்துவிட்டால் வருடக்கணக்கில் அப்படியே நிற்கும்.

மூன்றாவது, சுற்றும்போது ஊசி ஏறி இறங்குவது. கைச்சக்கரத்தின் நடுவில் ஒரு குமிழ் இருக்கிறது. இடது கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் குமிழை உங்கள் பக்கம் திருகினால் அது தளரும். அதன்பின் சக்கரம் மட்டும் சுற்றும், ஊசி நிற்கும். நிறையப் பேர் இதைத் தளர்த்தாமலே சுற்றுகிறார்கள். துணியில்லாமல் ஃபுட் கீழே இறங்கியிருந்தால், துணியை நகர்த்தும் பல் இரும்போடு இரும்பாக உரசித் தேயும். மேல் நூல் உள்ளே இழுபட்டுச் சிக்கும். "மெஷினிலேயே பாபின் சுற்றினால் மெஷின் தேய்ந்துவிடும்" என்று சொல்வதெல்லாம் இந்தப் பழக்கத்திலிருந்து வந்த பேச்சு. குமிழைத் தளர்த்திச் சுற்றினால் தேய எதுவும் இல்லை. சுற்றி முடித்ததும் மறக்காமல் இறுக்குங்கள். சக்கரம் சுற்றுகிறது, ஊசி அசையவில்லை என்று பதறி மெக்கானிக்கைக் கூப்பிடும் வீடுகளில், பாதி நேரம் குமிழ் இறுக்கப்படாமல் இருப்பதுதான் கோளாறு.

புது ரக வெள்ளை மெஷின்கள் பலவற்றில் இந்தத் தொல்லை இல்லை. மேலே உள்ள பாபின் கம்பியை வலப்பக்கம் தள்ளினால் ஊசி தானாக விடுபடும். அவற்றில் ஒரு அசௌகரியம் உண்டு: ஒரே கண்டிலிருந்து சுற்ற வேண்டுமானால் ஊசியில் கோர்த்த நூலை உருவ வேண்டும். அதற்கு எளிய வழி, புது நிறம் எடுக்கும்போதெல்லாம் முதலில் பாபினைச் சுற்றிவிட்டுப் பிறகு ஊசியில் கோர்ப்பது. கறுப்பு மெஷினில் இதுகூட வேண்டாம். பலகையின் வலது ஓரத்திலேயே இன்னொரு நூல் கம்பி இருக்கிறது. அதில் அதே நிறத்தில் இரண்டாவது கண்டு வைத்தால் மேல் நூலைத் தொடாமல் சுற்றலாம். மோட்டார் மாட்டிய மெஷின் என்றால், குமிழைத் தளர்த்தாமல், தைத்துக்கொண்டே அடுத்த பாபினைச் சுற்றிக்கொள்ளலாம். மிதி மெஷினில் இப்படிச் செய்தால் கால் வலிக்கும், அதனால் அங்கே நான் சொல்ல மாட்டேன்.

வைண்டர் பணத்தில் பாபின் வாங்குங்கள்

பெரும்பாலான வீடுகளில் நான்கைந்து பாபின்தான் இருக்கும். மெஷினோடு வந்தவை, விளிம்பு நசுங்கியவை, எந்த மெஷினுடையது என்றே தெரியாதவை. பச்சை வேண்டும் என்றால் மஞ்சள் சுற்றிய பாபினின் மேலேயே பச்சையைச் சுற்றுவார்கள். இதைவிடத் தையலைக் கெடுக்கும் காரியம் இல்லை. அடியில் இருக்கும் நூல் மேடுபள்ளமாகக் கிடப்பதால் மேலே சுற்றுவதும் அப்படியே வரும், பாபின் சீராக உருளாது, அடி நூல் ஒரு நேரம் இறுகும், ஒரு நேரம் தளரும்.

ஒரு டீ குடிக்கும் காசுக்குள் ஒரு பாபின் கிடைக்கிறது. இருபது முப்பது வாங்கி வையுங்கள். கறுப்பு, வெள்ளை, சந்தனம், அரக்கு என்று அடிக்கடி ஓடும் நிறங்களுக்கு இரண்டிரண்டு. மற்ற நிறங்களுக்கு ஒவ்வொன்று. மிச்ச நூலை உருவி எறியாமல் அப்படியே அதன் கண்டோடு சேர்த்து வைத்தால், அடுத்த முறை அந்த நிறம் வரும்போது சுற்றும் வேலையே இல்லை. நிறம் மாற்றித் தைப்பவருக்கு எந்த வைண்டரும் தராத வேகத்தை இந்த ஒரு பெட்டி பாபின் தரும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கறுப்பு மெஷின் பாபினும் திருப்பூர்ப் பக்கம் ஓடும் பவர் மெஷின் பாபினும் பார்வைக்கு ஒன்று போலத் தெரியும். பவர் மெஷினுடையது உயரம் குறைவு, மாற்றிப் போட்டால் கேஸுக்குள் ஆடும். மேலிருந்து பாபின் போடும் புது மெஷின்களுக்குத் தெளிந்த பிளாஸ்டிக் பாபின். அதில் இரும்புப் பாபினைப் போட்டால் எடை மாறி, டென்ஷனும் மாறிவிடும். பழைய பாபினைக் கையோடு கொண்டுபோய் ஒத்துப் பார்த்து வாங்குவதுதான் நிச்சயமான வழி. இரும்புப் பாபினாக இருந்தால் கடலோர ஊர்களில் துரு பிடிக்கும், வெள்ளை நூலில் கறை ஏறும். மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். விளிம்பில் பிசிறு இருக்கும் பாபினைத் தயங்காமல் குப்பையில் போடுங்கள். நூல் அறுவதற்கு அது ஒன்றே போதும்.

யாருக்கு வேண்டும்?

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. துணிப்பை தைத்துக் கொடுக்கும் வீடுகள் இன்று பல ஊர்களில் உண்டு. ஒரு பைக்கு வாய் மடிப்பு, இரு பக்கம், இரண்டு கைப்பிடி சேர்த்து நான்கு மீட்டர் தையல் என்று வையுங்கள். நாளுக்கு 50 பை என்றால் 200 மீட்டர். ஐந்தாறு பாபின் தீரும், அத்தனையும் ஒரே நிறம். மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் பள்ளிச் சீருடைக்கான வெட்டிய துணியை வாங்கிவந்து தைத்துக் கொடுக்கும் பெண்களுக்கும் இதே நிலைதான். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு, பாதித் தையலில் நூல் தீர்ந்து கை நின்றால் அது வருமானத்தில் விழும் அடி. இவர்கள் முதல் நாள் இரவே பத்துப் பாபின் சுற்றி அடுக்கி வைத்துவிட வேண்டும். தனி வைண்டர் இருந்தால் அதைத் தைக்கத் தெரியாத ஒருவர்கூடச் செய்யலாம். மாமியாரோ, பள்ளிவிட்டு வந்த பெரிய பிள்ளையோ உட்கார்ந்து சுற்றிக் கொடுப்பார்கள், தைப்பவர் மெஷினை விட்டு எழவே வேண்டாம். வைண்டர் தரும் உண்மையான லாபம் இன்னொருவருடைய கை உதவிக்கு வருவதுதான்.

முழுநேரம் இந்த வேலைதான் என்று ஆகிவிட்டால், வைண்டருக்குப் பணம் போடாமல் பவர் மெஷினுக்குச் சேமியுங்கள் என்பேன். அதில் தைக்கத் தைக்க அடுத்த பாபினைச் சுற்றும் வைண்டர் கூடவே வருகிறது.

கம்ப்யூட்டர் எம்பிராய்டரி வைத்திருப்பவருக்கு நான் யோசிக்காமல் வாங்கச் சொல்வேன். அங்கே ஒரு டிசைன் மணிக்கணக்கில் ஓடும், அடி நூல் எப்போதும் வெள்ளையோ கறுப்போதான். வீட்டு ரக மெஷின்கள் பலவற்றில் டிசைன் ஓடும்போது பாபின் சுற்ற முடியாது. நிறுத்தி, மேல் நூலை எடுத்து, சுற்றி, மறுபடி கோர்த்துத் தொடர வேண்டும். பக்கத்தில் ஒரு வைண்டர் இருந்தால் இந்தத் தொல்லை முழுக்கப் போய்விடும்.

முழங்கால் வலியால் மிதி மெஷினை வேகமாக மிதிக்க முடியாதவர்களுக்கும் வைண்டர் நல்லதுதான். ஆனால் அவர்களுக்கு மெஷினில் ஒரு மோட்டார் மாட்டுவதே மேல். சுற்றுவதோடு தைப்பதும் எளிதாகும்.

வாங்குவதென்றால்

பேட்டரியில் ஓடும் பெட்டியை வாங்காதீர்கள். பேட்டரி இறங்க இறங்க வேகம் குறையும், நூல் தளர்ந்து சுற்றும். பார்வைக்கு நிறைந்த பாபின் போல இருக்கும், தைக்கும்போது துணிக்கு அடியில் லூப் லூப்பாக விழும். மின்சாரத்தில் ஓடுவதாக இருக்கட்டும். ஆர்டர்களுக்குத் தைப்பவர் என்றால், எம்பிராய்டரி யூனிட்களுக்கு விற்கும் மேசை வைண்டர் கனமானது, விலையும் கூடுதல், ஆனால் உழைக்கும்.

கடைக்குப் போகும்போது உங்கள் பாபின், உங்கள் நூல், நீங்கள் கோன் நூல் பயன்படுத்தினால் ஒரு கோன், பாபின் கேஸ் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். சின்னப் பெட்டிகளில் கண்டு வைக்கத்தான் கம்பி இருக்கும். கோன் நூல் நின்றபடி, நேர் மேலே ஒரு கொக்கிக்குப் போய்த்தான் இறங்க வேண்டும். அதைப் படுக்க வைத்தால் நூல் இழுத்து இழுத்து வரும். கோனுக்குத் தனி ஸ்டாண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். பாபின் கம்பியில் ஆடாமல் உட்கார வேண்டும்.

ஒரு பாபினை முழுக்கச் சுற்றிக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். நகம் உள்ளே பதிந்தால் தளர்வு. கல்லு மாதிரி இருந்தாலும் நல்லதல்ல. பாலியஸ்டர் நூலை அதிவேகத்தில் இறுக்கிச் சுற்றினால் அது நீண்டுவிடும், தைத்த பிறகு பழைய நீளத்துக்குத் திரும்பும், அப்போது தையல் ஓரம் சுருக்கு விழும். மெல்லிய சில்க் காட்டன் பிளவுஸில் இந்தச் சுருக்கைத் துணியின் குற்றம் என்று நினைத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார்கள், இஸ்திரியில் போகாது. விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் கீழேயே நூல் நிற்க வேண்டும், வழிய வழியச் சுற்றினால் கேஸுக்குள் சிக்கும். கடைசியாக, பாபினைக் கேஸில் போட்டு நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். சும்மா நின்று, லேசாக ஒரு உதறு உதறினால் ஒன்றிரண்டு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். தானாக இறங்கிக்கொண்டே போனாலோ அசையாமல் நின்றாலோ, முதலில் வீட்டில் மெஷினில் சுற்றிய பாபினை அதே கேஸில் போட்டுப் பாருங்கள். அது சரியாக இறங்கினால் குறை வைண்டரில்தான்.

தனி வைண்டர் எதிர்த் திசையில் சுற்றினால் என்ன செய்வது என்று சிலர் கேட்பதுண்டு. இருபுறமும் ஒன்றாக இருக்கும் இரும்புப் பாபினுக்குக் கவலையே வேண்டாம், திருப்பிப் போட்டால் திசை மாறிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவதா வேண்டாமா என்று தோன்றினால், மெஷின் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி வையுங்கள். பாபின் முழுதாகத் தீரும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நிறத்தை எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து எண்ணிப் பாருங்கள். நாளுக்கு நான்கைந்து கோடு, அதுவும் ஒரே நிறத்தில் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு புது டயரும் இருபது பாபினும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.